பச்சை காட்டின சார்ஜர்

போன மாசம் அம்மாவோட சென்னையிலிருந்து மதுரைக்குக் கார்ல போனேன். கொடும்பாளூர் பக்கம் சார்ஜ் போட்டுட்டு மூவர் கோயில் பார்க்கலாம்னு பிளான். பேட்டரி 14%. ஆப்ல பச்சை, 'அவைலபிள்'. கன்னை மாட்டினா எரர், மூணு தடவையும். டீக்கடை அண்ணன், "ரெண்டு வாரமா இப்படித்தான் தம்பி"ன்னார்.

அந்தப் பச்சை, சார்ஜரே சர்வருக்கு அனுப்புற ஸ்டேட்டஸ். சில கோளாறு அதுக்கே தெரியாது; கார் மாட்டினாத்தான் தெரியும். மத்திய அரசோட 2022 வழிகாட்டுதல் ஹைவேயில 25 கி.மீ.க்கு ஒரு ஸ்டேஷன்னு சொல்லுச்சு. சரி, தூரம் ஓகே. ஆப்ல எனக்கு வேண்டியது ஒரே வரி: இங்க கடைசியா எப்போ ஒரு கார் சார்ஜ் ஆச்சு?

ஏசியை அணைச்சு, மெதுவா உருட்டி விராலிமலைப் பக்கமே திரும்பினோம். அங்க கிடைச்சது. கோயில் பார்க்கலை. அம்மா இன்னும் சொல்லிக்காட்டுறாங்க.