தராசு சொல்லாத செய்தி



பக்கவாதத்தினாலோ தொண்டைப் புற்றினாலோ விழுங்கும் ஆற்றலை இழந்தவர்க்கு மூக்கின் வழியாகவோ வயிற்றின் வழியாகவோ குழாய் செலுத்தி உணவூட்டுதல் இன்று இல்லங்களிலும் நிகழ்கின்றது. மைசூரில் நாம் அறிந்த தமிழ்க் குடும்பம் ஒன்றில் இவ்வாறு உணவு பெற்ற பெரியவரின் எடை ஒரே மாதத்தில் இரண்டு கிலோ உயர்ந்தது. வீட்டார் மகிழ்ந்தனர். வைத்தியரோ கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தார்; குழி விழுந்தது. ஏறியது தசையன்று, நீர். புயமோ முன்னினும் மெலிந்திருந்தது.

தராசு பொய் சொல்லவில்லை, முழுமையும் சொல்லவில்லை. எலும்பு, தசை, கொழுப்பு, நீர் ஆகிய யாவும் சேர்ந்ததே எடை. படுக்கையில் கிடப்போர்க்குத் தசை விரைந்து கரையும். தசை குன்றினால் இருமும் வலிமை குறையும். புண் ஆறத் தாமதமாகும். நோய்த்தொற்று எளிதில் பற்றும். ஆதலின் எடை எவ்வளவு என்பதோடு, அஃது எதனால் ஆயது என்பதையும் அறிதல் வேண்டும்.

அளந்து எழுதி வைத்தலின் அருமைக்கு மைசூரே சான்று. இங்குள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதலே பிறந்த குழவிகளின் எடை, நீளம், தலைச்சுற்றளவு ஆகியவை குறிக்கப்பட்டு வந்தன. 1934 முதல் 1954 வரை பிறந்தோருள் 517 பேரைத் தேடிக் கண்டு ஆராய்ந்த முடிவு 1996இல் வெளியாயிற்று. பிறந்தபோது இரண்டரைக் கிலோவும் அதற்குக் குறைவுமாக இருந்தோரில் நூற்றுக்கு 11 பேருக்கு இதயத் தமனி நோய் காணப்பட்டது, 3.1 கிலோவும் அதற்கு மேலும் இருந்தோரில் நூற்றுக்கு 3 பேருக்கே காணப்பட்டது. தாதியர் எழுதிவைத்த எண்கள் அரை நூற்றாண்டு கழித்துப் பேசின!

இல்லத்திலும் இது செய்யத்தக்கதே. தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவே புயத்தின் சுற்றளவையும், பருத்த இடத்தில் கெண்டைக்காலின் சுற்றளவையும் நாடாவால் அளக்கலாம். கெண்டைக்கால் ஆடவர்க்கு 34, பெண்டிர்க்கு 33 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் தசைக்குறைவை ஐயுற வேண்டும் என்பது ஆசிய வல்லுநர் குழு 2019இல் வகுத்த வரம்பு. கால் வீங்கியிருப்பின் இவ்வளவை நம்பலாகாது. மெல்லிய மின்னோட்டத்தால் உடலின் கூறுகளைக் கணிக்கும் கருவியும் உண்டு. அதனையும் உடல்நீரின் மிகுதி மயக்கும்.

ஒருநாள் அளவு தீர்ப்பாகாது. அதே கை, அதே இடம், இரு வாரத்துக்கு ஒருமுறை என அளந்து, எண் இறங்கினால் வைத்தியரிடம் காட்டுக. தாமாகவே உணவைத் திடீரெனக் கூட்டலாகாது; நெடுநாள் ஊட்டமின்றி இருந்த உடலில் அதனால் இரத்தத்தின் உப்புச் சத்துக்கள் தாழ்ந்து உயிருக்கே ஊறு நேரலாம்.

பிறமொழி வழங்கும் ஊர்களில் வாழும் நமக்கு நோயின் நிலையை வைத்தியரிடம் எடுத்துரைப்பதே பலகால் இடர். தேதியிட்ட குறிப்பேட்டை நீட்டுக. எண்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை.