பாகுச் சட்டியிலிருந்து ஒரு பிரேசில் பலகாரம்

வீட்டில் ஒரு விசேஷம் என்றால், இலை போடுவதற்கு முன்னால் வந்தவர்கள் கையில் ஒரு தட்டைக் கொடுக்கிறோம். கோவில்பட்டிப் பக்கம் அந்தத் தட்டில் என்ன இருக்கும் என்பது கேட்கிற உங்களுக்கே தெரியும். ஒரு கை காராச்சேவு, கொஞ்சம் மிக்சர், ஓரத்தில் கடலை மிட்டாய். இப்போது பிள்ளைகள் புதுசாக ஏதாவது வேண்டும் என்கிறார்கள். பிறந்த நாளுக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் வெளிநாட்டுப் பலகாரம் கேட்கிறார்கள். அந்த ஆசை நல்ல ஆசை. அதற்காகத்தான் பிரேசில் நாட்டு விருந்துகளில் முதலில் வரும் ஒரு பலகாரத்தை நம் அடுப்பில் செய்யும் விதத்தை இன்று சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் கடலை மிட்டாயைப் பற்றிப் பேசியாக வேண்டும். அந்தப் பலகாரத்துக்கு வேண்டிய கைப்பக்குவத்தில் பாதிக்கு மேல் இந்த ஊர்ப் பாகுச் சட்டியில் ஏற்கெனவே இருக்கிறது.

கடலை மிட்டாய்க்குச் சாமான் இரண்டே இரண்டு: நிலக்கடலை, வெல்லம். சாமான் குறையக் குறைய வேலை கூடும். கடலையை வறுக்கும்போது தொடங்குகிறது சோதனை. தீ கூடினால் மேல்தோல் கருகும், உள்ளே பச்சை வாடை நிற்கும். தீ குறைந்தால் பருப்பு காய்ந்து சுருங்கும், வாசம் வராது. பக்குவமாக வறுபட்ட கடலை, இரண்டு விரலுக்கு நடுவே வைத்து நசுக்கினால் தோல் கழன்று இரண்டு பருப்பாகப் பிரியும். பிறகு தோலைப் புடைத்து, சொத்தையைப் பொறுக்க வேண்டும். இதில் சலிப்படையக் கூடாது. ஒரே ஒரு சொத்தைக் கடலை போதும், ஒரு துண்டு மிட்டாயின் ருசி முழுவதும் கசந்துவிடும்.

அடுத்தது பாகு. வெல்லத்தைத் தட்டிக் கரைத்து, மண்ணும் தூசும் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றுகிறார்கள். முதலில் பெரிய பெரிய நுரையாகப் பொங்கும். தண்ணீர் வற்ற வற்ற நுரை சிறுத்து, நிறம் சிவக்கும். பாகு காய்ச்சுகிறவர் ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீரை வைத்துக்கொண்டு, கரண்டி நுனியிலிருந்து ஒரு சொட்டை அதில் விடுவார். கரைந்துபோனால் பதம் வரவில்லை. உருட்ட வந்தால் அது உருண்டைக்கான பதம், மிட்டாய்க்குப் போதாது. சொட்டு கல்லாக இறுகி, எடுத்துக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டினால் 'டக்'கென்று சத்தம் கேட்க வேண்டும். அடுத்த கணமே கடலையைக் கொட்டிக் கிளற வேண்டும். சர்க்கரைப் பாகுக்கு இந்தப் பதம் ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸில் வரும் என்று சமையல் நூல்கள் சொல்லும். இங்கே தெர்மாமீட்டரின் வேலையைக் காதும் கண்ணும் செய்கின்றன. ஒரு நிமிஷம் பிந்தினால் கசப்பு. ஒரு நிமிஷம் முந்தினால் பல்லில் ஒட்டும் பிசின்.

கொதிக்கக் கொதிக்கப் பலகையில் கொட்டி, உருளையால் சமன் செய்து, ஆறுவதற்குள் கோடு போட்டு வெட்டிவிட வேண்டும். ஆறிவிட்டால் கத்தி இறங்காது, கண்டபடி உடையும். சில கடைகளில் மேலே ரோஸும் பச்சையும் மஞ்சளுமாகச் சாயம் ஏற்றிய தேங்காய்ப் பூவைத் தூவுகிறார்கள். கண்ணுக்கு அழகுதான். எனக்குத் தூவாத மிட்டாயே பிடிக்கும். வெல்லத்தின் நிறத்தை மூடுவானேன்?

1940களில் இங்கே பலசரக்குக் கடை வைத்திருந்த பொன்னம்பல நாடார், கரும்பு வெல்லத்தில் கடலை மிட்டாய் செய்து விற்கத் தொடங்கினார். ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த தொழிலாக அது வளர்ந்தது. 2020 ஏப்ரலில் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசலும் செவலும் கலந்து கிடக்கும் இந்தச் சுற்றுவட்டாரத்துக் கடலையையும், தேனிப் பக்கத்து வெல்லத்தையும், தாமிரபரணித் தண்ணீரையும் அந்த ருசிக்குக் காரணமாகச் சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. இந்த வறண்ட காற்றுக்கும் பங்கு உண்டு என்று சேர்த்துக்கொள்ளுங்கள். வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஐப்பசி அடைமழையில் மூடாமல் வைத்த மிட்டாய் கசிந்து ஒட்டுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆனால் பெரும்பங்கு, பாகுச் சட்டிக்கு முன் நின்று வேர்வை வழிய அந்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதருக்கே சேர வேண்டும் என்பேன்.

நல்ல மிட்டாயை எப்படி அடையாளம் காண்பது? இரண்டு கையாலும் பிடித்து ஒடியுங்கள். வளையாமல் ஒடிய வேண்டும். ஒடிந்த இடத்தைப் பாருங்கள். கடலைதான் நெருக்கமாகத் தெரிய வேண்டும், பாகு அதைப் பிடித்துக் கட்டுகிற அளவுக்குத்தான் இருக்க வேண்டும். பாகு தடித்துக் கடலை மிதக்கிற மிட்டாய், எடைக்கு விற்கச் செய்தது. மென்று முடித்த பிறகு கடைசியாக நாக்கில் நிற்பது கடலை வாசமாக இருந்தால், செய்தவர் கைக்கு வணக்கம் சொல்லலாம்.

இனிப் பிரேசிலுக்கு வருவோம். நிலக்கடலை தென் அமெரிக்கப் பயிர். அதன் காட்டு இனங்களில் பெரும்பாலானவை பிரேசில் மண்ணில்தான் வளர்கின்றன. மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களின் சரக்கு. முந்திரி பிரேசிலின் வடகிழக்குக் கரையிலிருந்து போர்த்துக்கீசியர் கப்பலில் கோவாவுக்கு வந்தது. மரவள்ளிக் கிழங்கும் அந்தப் பக்கத்தில் பிறந்ததே. நம் விசேஷத் தட்டில் கடலை, முந்திரி, மிளகாய் வற்றல் மூன்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

அந்த ஊர்க்காரர்களும் கடலை மிட்டாய் செய்கிறார்கள். 'பே ஜி மோலெக்கி' என்று பெயர். அவர்களுடைய கட்டி வெல்லம் 'ஹப்பதூரா', நம் வெல்லம் போலவே கரும்புச் சாற்றைக் காய்ச்சி அச்சில் ஊற்றி எடுப்பது. மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் பிரங்கின்யோ என்றொரு சின்ன ஊர் இந்த மிட்டாய்க்கென்றே பேர்பெற்றது. அங்கே ஜூன் மாதத்தில் மிக நீளமான ஒரு கடலை மிட்டாயை ஊர்கூடிச் செய்து விழாவாகவே கொண்டாடுகிறார்கள். ஜூன் அவர்களுக்குத் திருவிழா மாதம். 24ஆம் தேதி புனித யோவான் திருநாள். சொக்கப்பனை போல நெருப்பு வளர்த்து, அதைச் சுற்றி ஆட்டம் பாட்டு, சோளக் கதிர், வேகவைத்த கடலை, கடலை மிட்டாய் என்று அமர்க்களப்படும். கம்பீனா கிராண்டி, கருவாரு என்ற இரண்டு நகரங்களுக்குள், யாருடைய திருவிழா பெரியது என்று ஆண்டுதோறும் போட்டியே நடக்கும். நம் ஊர்ச் செண்பகவல்லி அம்மன் கோயில் திருவிழாக் கடைகளையும் கழுகுமலைப் பங்குனி உத்திரக் கூட்டத்தையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த இரண்டு நகரங்களும் இருப்பது வடகிழக்குப் பிரேசிலில். அதன் உள்நாட்டுப் பகுதி வானம் பார்த்த பூமி, முள்மரக் காடு. மழை பொய்த்தால் பிழைப்புக்காகச் சனங்கள் தெற்கே சாவ் பாவ்லோ நகரத்துக்குப் போவார்கள். அப்படிப் பெர்னாம்புக்கோ மாநிலத்திலிருந்து போன ஒரு குடும்பத்தின் கடை, 1973ல் தொடங்கிய 'மொகொட்டோ'. அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறைச் சமையல்காரர் ரோட்ரிகோ ஒலிவேரா, மரவள்ளி மாவுக் குருணையையும் வறண்ட நாட்டுப் பாலாடைக் கட்டியையும் சேர்த்து ஒரு பொரித்த பலகாரத்தை உண்டாக்கினார். 'தாஜின்யோ' என்று பெயர். தாயக்கட்டை அளவில் சதுரம் சதுரமாக வெட்டிப் பொரித்து, இனிப்பும் காரமும் கலந்த பாகோடு கொடுப்பார்கள். இன்று பிரேசில் முழுக்க விருந்துகளில் சாப்பாட்டுக்கு முந்தின தட்டில் அது வருகிறது. பஞ்சம் பிழைக்கப் போன குடும்பம் தன் ஊர்ச் சாமானை விட்டுக்கொடுக்காமல் பெரிய நகரத்தின் விருந்து மேசையில் ஏற்றியிருக்கிறது. இந்தப் பலகாரத்தின்மேல் எனக்கு மரியாதை வந்ததற்கு அதுவே காரணம்.

நாம் செய்வோம். இருபது பேருக்குத் தாராளமாக வரும் அளவு சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். மாவு ஜவ்வரிசி 250 கிராம். பன்னீர் 250 கிராம். பால் அரை லிட்டர். உப்பு, வெள்ளை மிளகுத் தூள். அவர்கள் குருணைக்கு ஈடாக நம்மிடம் சேலத்து ஜவ்வரிசி இருக்கிறது, அதே மரவள்ளி மாவுதான். அவர்களுடைய பாலாடைக் கட்டி சூட்டில் உருகாது, பன்னீரும் உருகாது, அதனால் பொருந்தும். அது உப்புப் போட்ட கட்டி, பன்னீரில் உப்பில்லை. ஆகவே உப்பை ஒரு சிட்டிகை கூட்டியே போடுங்கள்.

ஜவ்வரிசியை முழுசாகப் போடாதீர்கள். மிக்சியில் ஒரு சுற்று விட்டு ரவைப் பதத்துக்கு உடையுங்கள். ஜவ்வரிசி வடை எண்ணெயில் வெடிப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். வேகாத மணிக்குள் அகப்பட்ட ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் வெடிக்கிறது. அதனால் கொதிக்கும் பாலில் இந்த ரவையைக் கொட்டி, தீயைக் குறைத்து, வெள்ளைப் புள்ளி மறைந்து கண்ணாடி போல ஆகும்வரை கைவிடாமல் கிளறுங்கள். இறக்கி, துருவிய பன்னீர், உப்பு, மிளகுத் தூள் சேர்த்துப் பிசறி, எண்ணெய் தடவிய தட்டில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி அமுக்குங்கள். மூன்று மணி நேரமாவது ஃபிரிட்ஜில் இருக்கட்டும். இறுகிய பிறகு சதுரமாக வெட்டிக்கொள்ளலாம். பொரிக்கக் கடலை எண்ணெய். எண்ணெய் காய்ந்ததா என்று ஒரு துணுக்கைப் போட்டுப் பாருங்கள், போட்டவுடன் மேலே வர வேண்டும். ஒரு தடவைக்கு ஏழெட்டுக்கு மேல் போட்டால் எண்ணெய் சூடு இறங்கி ஒன்றோடொன்று ஒட்டும். பொன்னிறத்தில் எடுத்துவிடுங்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று இழுவை.

இப்போது பாகு. பாட்டில் சாஸ் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உடன்குடிக் கருப்பட்டி 200 கிராம், அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். விளாத்திகுளம், புதூர் பக்கம் கரிசலில் விளையும் வற்றல் நாலைந்தைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, இரண்டு பல் பூண்டோடு மைய அரைத்துப் பாகில் சேருங்கள். உப்புக் கொஞ்சம். இது கொதித்து விரலுக்கு நடுவே பிசுபிசுப்பாக வரும்போதே, கம்பிப் பதத்துக்கு விடாமல், இறக்கிவிட வேண்டும். ஆறினால் இன்னும் கெட்டிப்படும். கடலை மிட்டாய்க்குக் கடைசிப் பதம் வரை பாகைக் கொண்டுபோகிற துணிச்சல் வேண்டும், இதற்கு முன்கூட்டியே நிறுத்துகிற நிதானம் வேண்டும். இரண்டையும் அறிந்த கை எந்த நாட்டுப் பாகையும் காய்ச்சும். இறக்கியதும் அரை மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். புளிப்பு கருப்பட்டியின் திகட்டலை அறுக்கும், வற்றலின் காரமும் எடுப்பாகத் தெரியும்.

கடைசியாக, ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையை உரலில் போட்டு ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள். பொரித்த கட்டியைப் பாகில் ஒரு முனை தொட்டு, இடித்த கடலையில் ஒற்றி எடுத்தால் ஒரே கடியில் உப்பு, இனிப்பு, காரம், மொறுமொறுப்பு எல்லாம் கிடைக்கும். இந்தக் கடலைச் சேர்க்கை சாவ் பாவ்லோவில் இல்லை, நம் பக்கத்துச் சேர்க்கை. அதனால் பலகாரம் கெடவில்லை, ருசி கூடவே செய்கிறது என்பது என் கருத்து.

கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் விருந்துக்கு வரலாம். வருகிறவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அப்படி யாரும் வந்தால் அவர்களுக்குத் தனிச் சட்டியில் வேறு எண்ணெயில் பொரித்து, கடலை படாத தட்டில் வையுங்கள். முதல் நாள் ராத்திரியே கட்டியைச் செய்து வெட்டி வைத்துவிடலாம், பாகையும் காய்ச்சி வைத்துவிடலாம். பொரிப்பதை மட்டும் ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு தொடங்குங்கள். பொரித்துப் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு மேலானால் மொறுமொறுப்புப் போய்விடும். பொரிக்காத கட்டி மிஞ்சினால் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், மறுநாள் சாயங்காலக் காப்பிக்குப் பொரித்துக்கொள்ளலாம்.