கருணைக்கும் கணக்கு வேண்டும்
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



குதிரை நம் ஊவாவுக்குப் புதிய பிராணியன்று. கோப்பிக் காலத்திலே துரைமார் குதிரையேறியே தோட்டங்களைச் சுற்றி வந்தனர். 1924 ஆம் ஆண்டு பதுளைக்குப் புகைவண்டி வந்தது, மோட்டார் வண்டிகளும் பெருகின, குதிரை மறைந்தது. ஆயினும் அயலிலுள்ள நுவரெலியாவில், 1875 இல் அமைந்த பந்தயத் திடலில் இன்றும் குதிரைகள் ஓடுகின்றன. ஏரிக்கரையில் மட்டக்குதிரைகள் பிள்ளைகளைச் சுமக்கின்றன. ஓடவும் சுமக்கவும் இயலாத வயதில் அவை எங்கே போவது?

சில ஆண்டுகளுக்கு முன் அக்கேள்வி எம் வாசலுக்கே வந்தது. யாரோ கைவிட்ட கிழட்டு மட்டக்குதிரையொன்று, எலும்பும் தோலுமாய், தோட்டத்து லயத்தருகே வந்து நின்றது. எம் இளைஞர் மனம் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வீடு சோறும் தவிடும் திரட்டி வயிறாரக் கொடுத்தோம். மறுநாள் இரவு அது வயிற்றுச் சூலையால் புரண்டு துடித்து, விடியுமுன் மாண்டது. பின்னரே மிருக வைத்தியர் சொல்லக் கேட்டோம்: பட்டினி கிடந்த குதிரைக்குத் தானியத்தை ஒரேயடியாகக் கொடுத்தலாகாது, புல்லையே சிறுகச் சிறுக, நாளில் பலமுறை கொடுத்தல் வேண்டும். பசி கொல்லாததை எமது அறியாமை கொன்றது. இதனை இச்சபையில் ஒளிக்க விரும்பவில்லை.

இத்தொண்டை முறையாகச் செய்த ஒருவரை நாம் அறிதல் நன்று. முதல் உலகப் போர் முடிந்தபின் ஆயிரக்கணக்கான படைக்குதிரைகள் எகிப்தில் விற்கப்பட்டன. 1930 இல் கெய்ரோ சென்ற டொரதி புரூக் என்னும் ஆங்கில அம்மையார், அவை கிழமாகி வண்டியிழுத்து நலிவதைக் கண்டார். 1931 இல் இலண்டன் பத்திரிகையொன்றுக்குக் கடிதம் எழுதினார். பொதுமக்கள் பணம் அனுப்பினர். மூன்றாண்டுகளில் ஏறக்குறைய 5,000 குதிரைகளை விலைக்கு வாங்கினார். பெரும்பாலானவை மீளவொண்ணா நிலையிலிருந்தன. அவற்றுக்கு வலியற்ற முடிவையே அவர் அளித்தார். அகிம்சையைப் போற்றும் நமக்கு இது கசப்பானதே. எனினும், சாகும்வரை துடிக்க விடுவது அகிம்சையா என்பதையும் நாம் சிந்திக்க வேண்டும்.

வாங்கி மீட்பதோடு அவர் நிற்கவில்லை. குதிரைக்காரனும் வறியவனே என்றுணர்ந்து, 1934 இல் இலவச மிருக வைத்தியசாலை நிறுவினார். உரிமையாளனைப் பழிப்பதால் குதிரைக்குப் புண் ஆறாது. அவனுக்குக் கைகொடுத்தால் ஆறும். அவர் 1955 இல் மறைந்தார். அவர் தொடங்கிய பணி இன்றும் பல நாடுகளில் நடைபெறுகின்றது.

400 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 கிலோ உலர்தீனியும், 20 முதல் 40 லீற்றர் வரை நீரும் வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கொருமுறை குளம்பு சீவ வேண்டும். பல்லையும் பார்க்க வேண்டும். இவற்றை ஒரு நாள் உற்சாகம் செய்யாது. சங்கமும் நிதியும் கணக்குப் புத்தகமுமே செய்யும்.

பாரதப் போரின் நடுவே கண்ணபிரான் தேரை நிறுத்தி, குதிரைகளின் உடலில் தைத்த அம்புகளைக் களைந்து, நீரூட்டினான் அல்லவா? அவன் இரக்கம் மட்டும் கொண்டவனல்லன். குதிரையின் இயல்பை அறிந்த சாரதி.

ஆகவே நாம் இன்றே குதிரை இல்லம் கட்டப் புறப்படவில்லை. இரண்டு இளைஞர் மிருக வைத்தியரிடம் பயிலட்டும். ஓராண்டுத் தீனிக்கான நிதி முதலில் சேரட்டும். அதன் கணக்கு ஆண்டுதோறும் இம்மேடையில் வாசிக்கப்படட்டும். கொட்டில் அதற்குப் பின் எழட்டும்.

மீண்டுமொரு குதிரை எம் லயத்தருகே வந்து நிற்கும் நாளில், எம் கையில் சோற்றுச் சட்டி இராது, புற்கட்டு இருக்கும்.