நீர் காவும் வெப்பம்



அடுப்பில் ஏற்றிய நீர் சிறிது நேரத்தில் முழுவதும் சூடேறுவதைக் கண்டு, நீர் வெப்பத்தை நன்கு கடத்தும் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். உண்மை வேறு. செம்பு நீரிலும் பார்க்க 600 மடங்குக்கு மேலாக வெப்பத்தைக் கடத்துகின்றது.

பரிசோதனைக் குழாயொன்றின் அடியிலே, கம்பிவலை சுற்றிய பனிக்கட்டித் துண்டொன்றை அமிழ்த்தி, நீரை நிரப்பி, மேற்பாகத்தை மாத்திரம் சுடரிற் பிடித்தால், மேலே நீர் கொதிக்கும். கீழே பனிக்கட்டி கரையாது கிடக்கும். அடியிற் சூடேற்றினாலோ, அடிநீர் விரிந்து, அடர்த்தி குறைந்து, மேலெழுகின்றது. குளிர்ந்த நீர் கீழிறங்கி அவ்விடத்தை நிரப்புகின்றது. நீரே வெப்பத்தைச் சுமந்து திரிகின்றது. இதனை மேற்காவுகை என்பர். காவுதல் என்றால் சுமத்தல். பாடப்புத்தகச் சொற்களுள் இத்துணைப் பொருத்தமானவை சிலவே.

இதனை நுணுகி ஆராய்ந்தவர் றம்போட் பிரபு (1753–1814). அமெரிக்காவிற் பிறந்து, பவேரிய அரசிற் பணிபுரிந்தவர். ஒருநாள் பரிசோதனையில் ஈடுபட்டிருந்தபோது, உணவாக வந்த தடித்த அரிசிக் கஞ்சியை இரும்படுப்பின் மேல் வைப்பித்தார். நெடுநேரஞ் சென்று ஒரு கரண்டி எடுத்தார்; ஆறிக் கிடந்தது. கரண்டியை ஆழ விட்டு மறுபடி உண்டார், வாய் வெந்துவிட்டது! தடித்த கஞ்சியில் நீர் அசைய முடியாது. ஆகவே அடியில் இருந்த சூடு மேலே வரவில்லை, மேலே இருந்த குளிரும் கீழே இறங்கவில்லை.

நம் வீட்டு ஒடியற் கூழும் அத்தகையதே. மேலே ஏடு படிந்து ஆறினாற்போலத் தோன்றும், உள்ளே நெருப்பாயிருக்கும். அகப்பையால் அடிவரை துழாவிய பின்னரே நம் தாய்மார் பிலாவிலையில் வார்ப்பர். அவசரக்காரச் சிறுவர்கள் நாக்கைச் சுட்டுக்கொள்வது துழாவாத பானையிலேதான்.

ஆயினும் றம்போட் பிரபு ஓரடி மிகையாகவே சென்றார். நீர் அசைந்து வெப்பத்தைக் காவுகின்றது என்பதோடு நில்லாது, அசையாத நீர் வெப்பத்தைச் சிறிதும் கடத்தாது என்றும் 1790களின் இறுதியில் எழுதினார். பின்வந்தோர் அதனை மறுத்தனர். கடத்துகின்றது, மிக மெதுவாகக் கடத்துகின்றது. துழாவாமல் விட்ட கூழும் இரவுக்குள் ஆறிவிடுகின்றதன்றோ?