பரமட்டாவின் ஜான்கள்

சிட்னியில் மேய்ஸ் ஹில் என்றதும் நம்மவர்க்கு முருகன் கோயில்தான் நினைவுக்கு வரும். கிரேட் வெஸ்டர்ன் நெடுஞ்சாலையோரம் இருக்கும் அந்தக் கோயிலில் கும்பிட்டுவிட்டு, இன்று கிழக்கே பரமட்டா நகருக்குள் நடப்போம். ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். அங்கே ஜான் என்ற பெயர் கொண்ட சிலரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சர்ச் வீதியில் இடப்பக்கம் திரும்பி, ரயில் பாதையைத் தாண்டினால் செயின்ட் ஜான்ஸ் பேராலயம். 1803-இல் வழிபாடு தொடங்கிய ஆங்கிலிக்கன் ஆலயம் இது. புனித யோவானை நினைத்து வைத்த பெயர் என்றே யாரும் எண்ணுவோம். ஆனால் 1802-இல் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் கிங் இந்தப் பங்குக்குப் பெயரிட்டது, தமக்கு முன் ஆண்ட கப்டன் ஜான் ஹண்டரைச் சிறப்பிக்க. ராஜராஜன் பெயரால் ராஜராஜேச்சரம் எழுந்த மண்ணிலிருந்து வந்த நமக்கு இது புதிதல்ல.

இப்போது கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். சதுரமாக எழும்பி, உச்சியில் கூராக முடியும் இரட்டைக் கோபுரங்கள். ஆளுநர் மக்குவாரியின் மனைவி எலிசபெத்திடம் இங்கிலாந்தின் ரெகல்வர் தேவாலயப் படம் ஒன்று இருந்தது. அந்தச் சாயலில் கோபுரங்களை வரைந்து கொடுத்தவர், ஆளுநரின் படைத்துறை உதவி அதிகாரி லெப்டினன்ட் ஜான் வாட்ஸ். ரெகல்வரில் ஆலயத்தை 1809-இல் இடித்துவிட்டார்கள். கப்பலோட்டிகளுக்கு அடையாளமாகக் கோபுரங்களை மட்டும் விட்டுவைத்தார்கள். இங்கும் அப்படித்தான்: ஆலயத்தின் உடற்பகுதியை 1850-களில் புதிதாகக் கட்டினார்கள். 1819-இல் முடிந்த வாட்ஸின் கோபுரங்கள் அப்படியே நிற்கின்றன.

வடக்கே சற்றுத் தள்ளி, ஆற்றுக்கு அப்பால் கத்தோலிக்கரின் செயின்ட் பேட்ரிக் பேராலயம். 1996-இல் தீக்கிரையாகி, 2003-இல் மீண்டும் அர்ப்பணிக்கப்பட்டது. கத்தோலிக்கர் என்றதும் இன்னொரு ஜானைச் சொல்ல வேண்டும்: ஆஸ்திரேலியாவின் முதல் கத்தோலிக்க ஆயர் ஜான் பீட் போல்டிங் 1835-இல் சிட்னி வந்தார். கப்பலிலிருந்து இறக்கப்பட்ட கத்தோலிக்கக் கைதிகளைச் சில நாள் தம்மிடம் விடும்படி அரசிடம் இசைவு பெற்று, உட்கார்ந்து பேசி ஆறுதல் சொன்னவர். அதே காலத்தில் சிட்னியில் இருந்த பிரெஸ்பிட்டேரியன் போதகர் ஜான் டன்மோர் லாங், ஐரிஷ் கத்தோலிக்கர் குடியேறுவதையே எதிர்த்துக் குரல் கொடுத்தார். பெயர் ஒன்று, மனம் வேறு. என் மதிப்பு போல்டிங் பக்கம்தான்.

ஆனாலும் இவர்களுள் பரமட்டா அதிகம் கடன்பட்டிருப்பது வாட்ஸுக்கே. லான்சர் படைமுகாமும் அவர் வரைந்ததுதான். பின்னாளில் அடிலெய்டில் அஞ்சல் துறைத் தலைவராக இருந்து, 1873-இல் காலமானார். அடுத்த முறை முருகனைக் கும்பிட வரும்போது, பிள்ளைகளையும் கூட்டிப்போய் அந்தக் கோபுரங்களைக் காட்டுங்கள். வரைந்தவர் பெயரையும் சொல்லிக் கொடுங்கள்.