வண்டி ‘மிஸ்’ அடித்தால் வீட்டிலேயே என்ன பார்க்கலாம்?

(மாதாந்திரக் குடும்ப சந்திப்பில் டிரஸ்ட் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



கல்வி உதவி, மருத்துவ உதவி பற்றிப் பேச வேண்டிய இடத்தில் செயலாளர் கார் இன்ஜினைப் பற்றிப் பேசுகிறாரே என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நமது டிரஸ்டின் பழைய ஆம்னி வண்டி உங்களுக்குத் தெரியும். நோயாளிகளை வேலூருக்கு அழைத்துப்போவது அதுதான். போன மாதம் டயாலிசிஸுக்குப் போக வேண்டிய ஒரு தாயாரை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பியது. கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் வண்டி குலுங்க ஆரம்பித்து, பிக்கப் போய், ஓரங்கட்டி நின்றுவிட்டது. வேறு வண்டி பிடித்து அனுப்புவதற்குள் அந்தம்மாவின் முறை போய்விட்டது. மாலை வரை காத்திருந்தார்கள். ஒரு வாரம் முன்பே டிரைவர் தம்பி என்னிடம், “பாய், வண்டி மிஸ் அடிக்குது, பார்த்துடலாமா?” என்று கேட்டார். மாதக் கணக்கு முடியட்டும் என்று சொன்னவன் நான்தான். அந்தத் தாயாரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை தம்பி” என்றார்கள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மிஸ் அடிப்பது என்றால் என்ன? இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் பெட்ரோலும் காற்றும் கலந்து, அழுத்தப்பட்டு, பிளக்கின் நெருப்புப்பொறியால் எரிய வேண்டும். ஏதோ ஒன்றில் எரியாமல் போனால் அதுதான் மிஸ்ஸிங். ஆம்னி, மாருதி 800, ஆல்டோ போன்றவற்றில் இருப்பதே மூன்று சிலிண்டர். ஒன்று படுத்தால் மூன்றில் ஒரு பங்கு பலம் போயிற்று. நம் ஊரில் தறியில் உட்கார்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாவில் ஒரு இழை அறுந்ததைப் பார்த்துவிட்டு யாரும் புடவை முடியட்டும் என்று நெய்துகொண்டே போவதில்லை. நான் அதைத்தான் செய்தேன்.

எந்த சிலிண்டர் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள், மூடிய ஷெட்டுக்குள் ஓட விட்டால் புகையே ஆளைக் கொல்லும். இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு பிளக் வயரைக் கழற்றி, அதில் வேறொரு பிளக்கை மாட்டி, அதன் இரும்பு உடம்பு இன்ஜின் இரும்பில் அழுத்தமாகத் தொடும்படி வையுங்கள். பக்கத்தில் பெட்ரோல் கசிவோ வாடையோ இருக்கக் கூடாது. பிறகு ஸ்டார்ட் செய்து சில வினாடி மட்டும் கேளுங்கள். இன்ஜின் இன்னும் மோசமாகக் குலுங்கினால் அந்த சிலிண்டர் நல்லது. எந்த மாற்றமும் இல்லையென்றால் வேலை செய்யாதது அதுதான். ஓடும்போது வயரைக் கையால் பிடுங்காதீர்கள். அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கிறது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கிட்டேயே வர வேண்டாம். பிளக்குக்கு மேலேயே காயில் உட்கார்ந்திருக்கும் புதிய கார்களில் இந்த முறை வேண்டாம். அதற்குப் பின்னால் சொல்கிறேன்.

கண்டுபிடித்த பிறகு இன்ஜின் நன்றாக ஆறட்டும். சூட்டில் பிளக்கைத் திருகினால் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும், அந்தச் செலவு பெரிது. ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் சீட்டைத் தூக்கினால் போதும். கழற்றிய பிளக்கின் முனை இளம் பழுப்பாக இருந்தால் நலம். காய்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, ஏர் ஃபில்டரையும் பாருங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறி வரவில்லை. எண்ணெய்ப் பசை இருந்தால் உள்ளே ரிங் அல்லது வால்வு சீல் தேய்மானம், அது மெக்கானிக் வேலை.

எங்கள் வண்டியில் முதல் சிலிண்டர் பிளக் நனைந்திருந்தது. உடனே புது பிளக் வாங்க ஓடவில்லை. அதைப் பக்கத்து சிலிண்டர் பிளக்கோடு மாற்றிப் போட்டோம். கோளாறு பிளக்கோடு நகர்ந்தால் குற்றவாளி பிளக். நகரவில்லை, முதல் சிலிண்டரிலேயே நின்றது. அப்படியானால் வயர். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் பார்த்தபோது வயரின் ரப்பர் மூடிக்குப் பக்கத்தில் நீலப்பொறி ஓடியது தெரிந்தது. எலி கடித்த இடம். வயர் செட் மாற்றியதும் சரியாயிற்று, அல்ஹம்துலில்லாஹ். செலவு சில நூறு ரூபாய்தான். அதற்கு முன் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இன்ஜினை இறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்!

வயர்களைக் கழற்றும்போது எது எந்த சிலிண்டருக்கு என்று டேப் ஒட்டி எழுதிக்கொள்ளுங்கள். பிளக்கைத் திரும்பப் போடும்போது முதலில் கை விரலாலேயே திருகுங்கள். கையால் இறங்காவிட்டால் மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள். பிளக் முனை இடைவெளி வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கிறது.

புதிய கார்களில் இன்னும் சுலபம். ஸ்கேனர் கருவியைச் செருகினால் பி0301 என்று வரும். கடைசி எண்தான் சிலிண்டர். அதன் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். பி0302 என்று மாறினால் காயில்தான் பழுது. ஒன்று மட்டும் கவனம். மஞ்சள் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் மேற்கொண்டு ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும். அது பிளக் விலையில் கிடைக்கும் பொருள் அல்ல.

பிள்ளை வெளிநாட்டிலிருந்து வரும்வரை காரை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வீடுகள் நம்மில் நிறைய. இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள், அது ஈரத்தை இழுக்கும். வாரம் ஒருமுறை கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். பானெட்டுக்குள் எலிப் புழுக்கை இருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் குறைந்துகொண்டே போய் வெள்ளைப் புகை வந்தால் மட்டும் நீங்கள் கை வைக்க வேண்டாம், ஹெட் கேஸ்கெட்டாக இருக்கலாம்.

பிளக் ஸ்பானர், இடைவெளி பார்க்கும் தகடு, ஸ்கேனர் மூன்றும் டிரஸ்ட் அலுவலகத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். அஸருக்குப் பிறகு வந்து பதிவேட்டில் கையெழுத்திட்டு எடுத்துப்போகலாம். மறுநாள் திருப்பித் தந்துவிடுங்கள். ஆம்னியில் ஏதாவது சத்தம் கேட்டால் இனி டிரைவர் தம்பி என்னிடம் கேட்கவே வேண்டியதில்லை என்றும் சொல்லியாயிற்று.