100 மில்லி ஆம்பியர் என்ற வாக்குறுதி

வீட்டில் சும்மா கிடக்கும் 12 வோல்ட் அடாப்டரை வைத்து, 5 வோல்ட்டில் ஓடும் சின்னக் கருவி ஒன்றை இயக்க நினைக்கிறீர்கள். டிஜிட்டல் வெப்பமானி, கதவு திறந்தால் கூவும் மணி, இப்படி ஏதோ ஒன்று. கடைக்காரர் சில ரூபாய்க்கு ஒரு பொருளை எடுத்து நீட்டுவார். மூன்று கால், கறுப்பு உடம்பு, பார்வைக்கு டிரான்சிஸ்டர் மாதிரியே இருக்கும். மேலே 78எல்05 என்று பொறித்திருக்கும். அதுதான் ரெகுலேட்டர். உள்ளே 8 வோல்ட் வந்தாலும் 20 வோல்ட் வந்தாலும் வெளியே 5 வோல்ட்தான் விடும்.

மிச்ச வோல்ட் என்ன ஆகிறது? வெப்பமாகிவிடுகிறது. இதை மறந்தால்தான் தொல்லை. விவரத்தாளில் 100 மில்லி ஆம்பியர் தரும் என்று போட்டிருக்கும். அதை அப்படியே நம்பக் கூடாது. கணக்குப் பாருங்கள். 12 வோல்ட்டில் 5 போனால் 7. அதை 100 மில்லி ஆம்பியரால் பெருக்கினால் 0.7 வாட். மிளகைவிடச் சற்றே பெரிய அந்தப் பிளாஸ்டிக் உடம்பில் ஒரு வாட் வெப்பம் தங்கினாலே, உள்ளிருக்கும் சிலிக்கான் அறைச் சூட்டைவிட 150 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். அப்படியானால் 0.7 வாட்டுக்கு 100 டிகிரிக்கு மேல். அதோடு சித்திரை வெயிலின் 35 டிகிரியையும் கூட்டுங்கள். சிலிக்கானுக்கு விதித்த எல்லையோ 125. நல்லவேளையாக, சூடு மிஞ்சினால் தானே அணைந்துகொள்ளும் ஏற்பாடு உள்ளேயே உண்டு. ஆறியதும் மறுபடி விழிக்கும். கருவி காரணமில்லாமல் அணைந்து அணைந்து எரியும். நாம் புரோகிராமில் பிழை தேடிக்கொண்டிருப்போம். 12 வோல்ட்டிலிருந்து இறக்குவதானால் நான் 40 மில்லி ஆம்பியரைத் தாண்ட மாட்டேன்.

இவ்வளவு வீணடிக்கும் பொருளை ஏன் வாங்க வேண்டும் என்று கேட்பீர்கள். அது சத்தம் போடாது. மலிவான செல்போன் சார்ஜரை ரேடியோ பக்கத்தில் செருகினால், மத்திய அலையில் கரகரப்பு வருமே, அது ஒரு நொடிக்குப் பல ஆயிரம் முறை மின்சாரத்தை வெட்டி விடும் சுவிட்சிங் முறையின் வேலை. 78எல்05 எதையும் வெட்டுவதில்லை. உள்ளீட்டில் 0.33, வெளியீட்டில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போதும்.

சாலிடர் வைக்குமுன் கால்களைப் பாருங்கள். பெரிய ரெகுலேட்டரான 7805-இன் எழுத்துப் பக்கத்தைப் பார்த்தால் இடக்கால் உள்ளீடு. இந்தச் சின்னதன் தட்டைப் பக்கத்தைப் பார்த்தால் இடக்கால் வெளியீடு. நேர் தலைகீழ்.

9 வோல்ட் பேட்டரிக்கு மட்டும் இது வேண்டாம். கருவி சும்மா இருந்தாலும் ரெகுலேட்டர் தன் பங்குக்கு சுமார் 3 மில்லி ஆம்பியர் குடித்துக்கொண்டே இருக்கும். 500 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு வாரத்தில் காலி. அதுவும் போக, பேட்டரி 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் வெளியீடும் 5-இல் நிற்காது. அந்த இடத்துக்கு எம்சிபி1702 ரெகுலேட்டர் வாங்குங்கள்; தனக்கென்று எடுப்பது ஏறக்குறைய 2 மைக்ரோ ஆம்பியர்தான். ஆனால் 13.2 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, கால் வரிசையும் வேறு: முதல் கால் கிரவுண்ட், நடுக்கால் உள்ளீடு.